நீலம் விழுந்த இடமெல்லாம்

அட்டையில் இப்படி எழுதியிருந்தது: ‘புதிய விதை. வடிவம்: ஆ. ஜெயசிங்.’

செசிலி அதை மூன்று தடவை வாசித்தாள். முதல் தடவை வாசித்தபோது, வேறு யாருடைய துணிக்கோ வைத்த அட்டை இடம் மாறி வந்துவிட்டது என்று நினைத்தாள். இரண்டாம் தடவை வாசித்துவிட்டு அட்டைக்கு மேலே தொங்கிய துணியைப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, அவளுடைய துணிதான். வெள்ளைத் துணியில் கறுப்பு நூல். அவள் வரைந்து, அவள் துளைத்து, அவளே ஐந்து வாரம் உட்கார்ந்து தைத்தது. மூன்றாம் தடவை வாசித்தபோது காது இரண்டும் சுட்டன.

போதாததற்குத் துணி தலைகீழாகத் தொங்கியது.

நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு, 1953-ஆம் வருஷத்துக் கைத்தொழில் கண்காட்சியை நடத்தினார்கள். அதில் கொட்டாரம் ராஜையன் பூத்தையல் சாலைக்கும் ஒரு கடை கிடைத்திருந்தது. ராஜையன் முதலாளி வேலைக்காரப் பெண்களையெல்லாம் ஒரு லாரியில் ஏற்றிக் கண்காட்சியைப் பார்த்து வர அழைத்து வந்திருந்தார். அதற்காக எல்லாரும் அவரைப் புகழ்ந்துகொண்டே வந்தார்கள். செசிலியும் வரும் வழியெல்லாம் சந்தோஷமாகத்தான் வந்தாள். தன் துணியைக் கடையில் எப்படி வைத்திருப்பார்கள், பக்கத்தில் என்ன பாத்திரம் வைத்திருப்பார்கள் என்று மனசுக்குள்ளேயே மேசை போட்டுப் போட்டுப் பார்த்தபடி வந்தாள்.

அவள் தையல் சாலைக்கு வந்து ஒன்பது வருஷம். பதினைந்து வயதில் ஊசி பிடிக்க வந்தவள். மேசை விரிப்பு, தலையணை உறை, தட்டுக்குப் போடும் துணி, தேநீர் ஆறாமல் கெண்டிக்குப் போடும் தொப்பி என்று எல்லாம் தைத்தாள். மற்றவர்கள் சாப்பிட்டுக் கையலம்பி வருவதற்குள் அவள் கிடைத்த காகிதத்தில் ஏதாவது கிறுக்கிக்கொண்டிருப்பாள். அதை ஒருநாள் முதலாளி பார்த்தார். அன்றிலிருந்து அவள் ‘படம் போடுகிற பிள்ளை’ ஆனாள். ஆறு வருஷமாக அந்தச் சாலையிலிருந்து பம்பாய்க்கும் கொழும்புக்கும் போன துணிகளில் முக்கால்வாசி அவள் போட்ட படங்கள்தான். ஆனால் ஜெயசிங் சென்னையில் எட்டு மாதம் ஓவியம் படித்துவிட்டு முதலாளியின் மகளைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு, சாலையில் ‘டிசைனர்’ என்று ஒருவர்தான் உண்டு. அது அவர்.

துணியில் படம் ஏற்றும் வேலை இப்படி. மெல்லிய தாளில் படத்தை வரைய வேண்டும். ஒரு தக்கையில் ஊசியைச் செருகி, கோட்டின்மேல் நெருக்கமாகத் துளை போட்டுக்கொண்டே போக வேண்டும். தாளைத் துணியின்மேல் விரித்து, நீலப்பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணிப்பந்தால் தேய்த்தால், துளை வழியே நீலம் இறங்கிப் புள்ளி புள்ளியாகத் துணியில் விழும். அந்தப் புள்ளிகளின்மேல் பெண்கள் தைப்பார்கள். தைத்து முடித்துத் துணியைத் துவைத்தால் நீலம் போய்விடும், நூல் நிற்கும்.

சில பெண்கள் தைக்கும்போது தங்கள் ஆசைக்கு ஓர் இலையோ மொட்டோ கூடுதலாகச் சேர்த்துவிடுவார்கள் என்று, கொட்டகைச் சுவரில் முதலாளி தம் கையால் எழுதி வைத்திருந்தார்: ‘நீலம் விழுந்த இடமெல்லாம் ஊசி விழ வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.’

இன்னொரு வழக்கமும் அங்கே உண்டு. யாராவது துணியைக் கெடுத்துவிட்டால், நூலை இழுத்துச் சுருக்கிவிட்டாலோ கறை பட்டுவிட்டாலோ, அந்தத் துணியில் ஒரு சீட்டைக் குத்தி, அதில் அவள் பெயரை மசியால் எழுதி, வாசலுக்கு நேரே கொடியில் ஒரு வாரம் தொங்கப் போடுவார். வருகிறவர் போகிறவரெல்லாம் அதை வாசித்துவிட்டுப் போவார்கள். நன்றாக வந்த துணியில் பெயர் எழுதும் வழக்கம் இல்லை.

செசிலி அந்தக் கறுப்பு நூல் வடிவத்தை எங்கிருந்து எடுத்தாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

ஆனி மாதத்தில் கடல் பொங்கி, கட்டுமரங்களெல்லாம் கரையேறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவள் வட்டக்கோட்டைக்கு அடியில் ஒதுங்கும் விறகு பொறுக்கப் போனாள். அங்கே கரையில் வெளுத்த மணலும் கறுப்பு மணலும் கலந்து கிடக்கும். சிறு வயதிலிருந்து மிதித்து நடந்த மணல்தான். அன்றைக்கு ஒரு பெரிய அலை வந்து, கரைமேல் வெகுதூரம் ஏறி, திரும்பிப் போயிற்று. போகிற தண்ணீர் ஒவ்வொரு சிப்பியிலும் தட்டி இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த இரண்டு கோடுகளிலும் கறுப்பு மணல் படிந்தது. சிப்பியின் அருகே ஒட்டிக்கொண்டும் கடலை நோக்கி அகன்றுகொண்டும் போகும் இரண்டு கோடுகள். அப்படி ஆயிரம் சிப்பிக்கு ஆயிரம் ஜோடிக் கோடுகள். பேனாவால் வரைந்ததுபோல் சுத்தமாக இருந்தன. அடுத்த அலை வருவதற்குள் பார்த்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

அவள் விறகைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். மறுவாரம் காகிதத்தோடு போனாள். மூன்று ஞாயிறுகள் போனாள். முதலில் பார்த்தது பார்த்தபடி வரைந்தாள். அது மணலாக இருந்ததே தவிர துணியாக இல்லை. கண் தங்க இடமில்லை. பிறகுதான் மேசையைப் பற்றி யோசித்தாள். மேசையின் நடுப்பாகம் காய்ந்த கரை. அங்கே ஒன்றும் வேண்டாம், வெள்ளையாகக் கிடக்கட்டும். அங்கேதானே சாப்பாடு வைப்பார்கள். அதைச் சுற்றிச் சிப்பிகள், ஒவ்வொன்றும் ஒரு நூல் முடிச்சு. முடிச்சிலிருந்து கோடுகள் பிரிந்து விளிம்பை நோக்கி ஓட வேண்டும். மேசை ஓரத்தில் துணி மடங்கித் தொங்கும் இடத்தில் தண்ணீர் வழிந்து இறங்க வேண்டும். விளிம்போரத் தையல் நெருங்கி நெருங்கிக் கறுத்து, அங்கே கடல் இருக்க வேண்டும். அது பிடிபட்டதும் அன்று முழுவதும் அவளுக்குப் பசியே எடுக்கவில்லை.

முதலாளியிடம் காட்டினாள். மேசையில் கறுப்பா, சாவு விழுந்த துட்டி வீட்டிலா விரிக்கப் போகிறார்கள் என்று கேட்டார். ஜெயசிங் ஒரு பார்வை பார்த்துவிட்டு, ரோஸ் நிறத்தில் போட்டால் ஒருவேளை தேறும் என்றார். அவள் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். மிஞ்சிய துணியில், மிஞ்சிய நேரத்தில் கறுப்பு நூலிலேயே தைத்து முடித்து, மடித்து அலமாரியில் வைத்தாள். கண்காட்சிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாமல் ஜெயசிங் அலமாரியைக் குடைந்தபோது அது அவர் கையில் அகப்பட்டது.

இப்போது அது அவருடைய துணி. பலகையில் ஆணியடித்து, துணியை இரண்டாக மடித்து, கறுத்த விளிம்பு மேலே வரும்படி தொங்கவிட்டிருந்தார். முன்னால் நின்று திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஓர் அதிகாரிக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கீழே புள்ளி புள்ளியாகத் தெரிபவை விதைகளாம். அவை முளைத்து இரண்டு இலை விட்டு மேலே போகின்றனவாம். உச்சியில் கறுத்திருப்பது மழைமேகமாம். சுதந்திரம் பெற்ற நாடு ஐந்தாண்டுத் திட்டத்தில் தழைப்பதை ஒரு துணியில் சொல்லியிருக்கிறாராம். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். எழுதியும் கொண்டார்.

செசிலியின் பக்கத்தில் நின்ற வேளாங்கண்ணி, அவளோடு ஒரே கடப்புறத்து மீனவர் ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவள். துணியைத் தலைசாய்த்துப் பார்த்துவிட்டு, வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

“ஏட்டி செசிலி, தண்ணி மேலயில்லா ஏறுது. கடலு எப்பம் மச்சுல குடியேறிச்சு?”

கடப்புறத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். துணியைப் பார்த்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தினமும் மிதிக்கிற மணல் அல்லவா? ஜெயசிங் திரும்பி, ஏன் சிரிக்கிறீர்கள் என்று முறைத்தார். செசிலிக்குச் சிரிப்பு வரவில்லை. பெயரைத் திருடியதைக்கூட ஒரு நிமிஷம் மறந்துபோனாள். திருடியவன் திருடிய பொருளின் தலை எது கால் எது என்றுகூடப் பார்க்கவில்லையே என்று நெஞ்சு கொதித்தது.

அப்போதுதான் பம்பாயிலிருந்து வந்த அம்மாள் கடைக்குள் நுழைந்தாள். வயதான பார்சி அம்மாள். பம்பாயில் வீட்டுச் சாமான் கடை வைத்திருப்பவள், கடையின் கண்ணாடிக்குப் பின்னால் மேசை நாற்காலி போட்டு, துணி விரித்து, கோப்பை தட்டு அடுக்கி, வீடுபோலவே காட்டி விற்கிறவள் என்று முதலாளி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். அவள் துணியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு ஜெயசிங்கிடம் இங்கிலீஷில் கேட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவளானாலும் செசிலிக்குப் பாதி புரிந்தது. மேசையில் விரித்தால் இந்தச் செடிகளெல்லாம் தலைகீழாகத் தொங்குமே என்று கேட்டாள். ஜெயசிங், இதைச் சுவரில் மாட்டுவதே பொருத்தம் என்றார். நான் மேசை விற்கிறவள், சுவர் விற்கிறவள் அல்ல என்றாள் அந்த அம்மாள்.

செசிலி வாய் திறப்பதற்குள் அவள் கை முந்திக்கொண்டது. எப்படி அத்தனை பேருக்கு நடுவில் நடந்து போனாள் என்று அவளுக்குப் பிற்பாடும் தெரியவில்லை. ஆணிகளிலிருந்து துணியை விடுவித்தாள். கடை நடுவில் கிடந்த மேசையிலிருந்து காகிதப் பூ ஜாடியை எடுத்துத் தரையில் வைத்தாள். ரோஸ் பூ விரிப்பை உருவினாள். தன் துணியை வீசி விரித்து, நாலு பக்கமும் ஒரே அளவு தொங்குமாறு இழுத்துவிட்டாள். ஒரே ஒரு வெள்ளைக் கோப்பையைத் தட்டோடு எடுத்து, நடுவில் வைக்காமல், சிப்பிகளிலிருந்து சற்று உள்ளே தள்ளி வைத்தாள். பிறகு பின்வாங்கி வேளாங்கண்ணியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

மேசையிலிருந்து நாலு பக்கமும் தண்ணீர் வழிந்தது.

பார்சி அம்மாள் ஒரே ஒரு சொல் சொன்னாள். தண்ணீர் என்பதற்கான அந்த இங்கிலீஷ் சொல் செசிலிக்குத் தெரியும். அறிமுகமில்லாத ஊரில் பிறந்த, அறிமுகமில்லாத கிழவிக்குப் புரிந்துவிட்டது.

ஆமாம், தண்ணீர்தான், விதைக்குத் தண்ணீர் வேண்டுமல்லவா என்றார் ஜெயசிங்.

அந்த அம்மாள் அறுபது துணி கேட்டாள். எட்டுப் பேர் உட்காரும் நீள மேசைக்கு. நிறம் மாறக் கூடாது, கறுப்பேதான் வேண்டும் என்றாள். ஜெயசிங்கின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அட்டையிலிருந்த பெயரைப் பார்த்துத் தன் சிறிய நோட்டில் எழுதிக்கொண்டாள். துணியை விரித்தவள் யாரோ வேலைக்காரி என்றுதான் நினைத்திருப்பாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியவர்கள் பக்கத்திலேயே நின்றார்கள், சொல்லவில்லை.

லாரி புறப்படும்வரை செசிலி பொறுத்தாள், இப்போது அட்டையை மாற்றுவார்கள், இப்போது மாற்றுவார்கள் என்று. மாற்றவில்லை. லாரியில் ஏறப்போகும்போது முதலாளியின் முன்னால் போய் நின்றாள். மற்றவர்கள் ஏறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“மொதலாளி, அந்த அட்டையில எனக்க பேர எழுதணும்.”

ராஜையன் கெட்டவர் அல்ல. காய்ச்சல் என்றால் கஞ்சிக்கு அரிசி கொடுத்து அனுப்புகிறவர். அவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

“பேரு என்னத்துக்கு பிள்ளே? துணி நம்ம சாலைத் துணி. மருமவன் படிச்ச ஆளு, நாலு எடத்துல பேச வேண்டியவன், அவன் பேரு இருந்தா சாலைக்கு மதிப்பு. ஒனக்க பேர வச்சு நீ என்ன செய்யப் போற? கறிக்கா ஆவும்?”

அவர் சிரித்தார். லாரியில் இருந்தவர்களில் சிலரும் சிரித்தார்கள். செசிலி ஏறி உட்கார்ந்தாள். வேளாங்கண்ணி நிலக்கடலை நீட்டினாள், வாங்கவில்லை. கறிக்கு ஆகாதுதான். அப்படியானால் அவருடைய மருமகனுக்கு மட்டும் எதற்கு ஆகும்? கெட்டுப்போன துணியில், கூடத் தைக்கும் சகாயசெல்வியின் பெயரை ஒரு வாரம் தொங்கப் போட்டாரே, அது எந்தக் கறிக்கு ஆயிற்று? கேட்க வேண்டியதெல்லாம் இப்படி ஒழுங்காக வரிசை கட்டி, கேட்க வேண்டிய இடத்தைத் தாண்டி வந்த பிறகுதான் அவள் நாக்குக்கு வந்து சேரும்.

நீள மேசைக்குப் பழைய துளைத்தாள் உதவாது. புதிதாக வரைய வேண்டும். அதை ஜெயசிங்கே செய்வதாகச் சொல்லி, அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். வடிவம் அவருடையது என்று ஊரெல்லாம் சொன்ன பிறகு வேறு எப்படிச் செய்வார்? நாலு நாள் கழித்து ஒரு பெரிய தாளோடு வெளியே வந்தார். சிப்பிகள் எல்லாம் பட்டாளம்போல் வரிசையாக நின்றன. கோடுகள் எல்லாம் ஒரே நீளம். சோதனைக்கு ஒரு துணியில் நீலம் வைத்துப் பார்த்தார்கள். தையல் வளையத்தை மடியில் வைத்தபடி வேளாங்கண்ணி எட்டிப் பார்த்தாள்.

“சின்ன மொதலாளி சாளை தின்னுட்டு முள்ள அடுக்கி வச்சிருக்காரு,” என்று பக்கத்தில் சொன்னாள். பக்கத்தில் சொன்னதுதான். ஆனால் கடப்புறத்துக் குரல், கொட்டகை முழுக்கக் கேட்டது.

மறுநாள் முதலாளி செசிலியைக் கூப்பிட்டார். மக்கா என்று அன்பாகக் கூப்பிட்டார். நீள மேசைக்குத் தாள் போட்டுத் தரச் சொன்னார். அட்டையைப் பற்றி அவள் வாயெடுப்பதற்குள், முதலில் வேலை நடக்கட்டும், அதையெல்லாம் பிறகு பார்ப்போம் என்றார். அந்தப் பிறகு எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும். தாளை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி வட்டக்கோட்டைக்குப் போனாள். நீள மேசையில் ஒரு சிக்கல் இருந்தது. மூலைகள். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் மூலையில் வந்து முட்டும். சின்னத் துணியில் அவள் மூலைக்கு ஒரு பெரிய சிப்பியை வைத்து மறைத்துவிட்டாள். அது ஏமாற்று வேலை என்று அவளுக்கே தெரியும், வேறு யாரும் கண்டுபிடிக்கவில்லை அவ்வளவுதான். நீளத் துணியில் மூலை இன்னும் அதிகமாகத் தொங்கும். மறைக்க முடியாது.

கோட்டைச் சுவருக்குக் கீழே ஒரு பாறை மணலில் புதைந்து கிடந்தது. அலை ஏறி இறங்கும்போது பாறையின் இரண்டு பக்கமும் தண்ணீர் வழிந்து, முன்னால் வந்து ஒன்றாகச் சேர்ந்தது. சேரும் இடத்தில் கோடுகள் முட்டிக்கொள்ளவில்லை. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சுருண்டு, கொக்கி போட்டு, பிறகு ஒன்றாக இறங்கின. அவள் குனிந்து உட்கார்ந்து வரைந்தாள். அலை அழித்தது. காத்திருந்து, மறுபடி வந்ததை வரைந்தாள். பாவாடை நனைந்து உப்பேறிக் கனத்தது. ஒவ்வொரு தடவையும் கோடு வேறு மாதிரி விழுந்தது, ஆனால் சுழிக்கும் விதம் ஒன்றுதான். முதலில் ஒரு சுருள். அப்புறம் அடுத்தடுத்து இரண்டு மடிப்பு. மேலே வளைந்து கவியும் ஒரு கோடு. மறுபடி ஒரு மடிப்பு, மறுபடி அதேபோல் கவியும் ஒரு கோடு.

வரைந்ததை நிமிர்ந்து பார்த்தபோது அவள் கை நின்றுவிட்டது. ‘செ’ எழுதும்போது முதலில் போடும் அந்தக் கொம்பு, சுருண்ட தண்ணீர் மாதிரியே இருந்தது. ‘சி’யின் தலைமேல் வளையும் கோடு அலையின் உதடு மாதிரி இருந்தது. ‘லி’க்கும் அதே உதடு. வேண்டுமென்று அவள் தேடிப் போகவில்லை. மூன்று எழுத்துக்குத் தேவையான இடத்தைக் கடலே சுழித்து வைத்திருந்தது.

அவள் வெகுநேரம் யோசித்தாள். இது களவா என்று யோசித்தாள். பிறகு, யாருடையதை யார் களவாடுவது என்று அவளுக்கே கோபம் வந்தது. எழுதினாள். கொச்சையாக ஒட்டவைக்கவில்லை. தண்ணீர் இறங்கும் சரிவிலேயே, கோடுகளோடு கோடாக, பெருவிரல் உயரத்தில், நாலு மூலையிலும் எழுதினாள். மேசையில் விரித்து, துணி மூலையில் மடங்கித் தொங்கினால்தான் எழுத்து நேராக நிற்கும். தொங்கவிட்டுப் பார்க்கிற ஆளுக்கு அது எப்போதும் தலைகீழாகத்தான் இருக்கும்.

துளைத்த தாளை முதலாளியின் மேசையிலேயே கொண்டுபோய் விரித்தாள். ஒளிக்கவில்லை. முதலாளி குனிந்து பார்த்தார், கொள்ளாம், நன்றாக இருக்கிறது என்றார். ஜெயசிங் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, நான் நினைத்ததைத்தான் போட்டிருக்கிறாள் என்றார். இரண்டு பேரும் நடுவைத்தான் பார்த்தார்கள். மூலையைப் பார்க்கிறவர்கள் தைக்கிறவர்கள் மட்டும்தான்.

நீலம் வைத்தார்கள். பெண்கள் எல்லாரும் வளையத்துக்குள் அகப்பட்ட உள்ளங்கையகலத் துணியில் புள்ளியை மட்டும் பார்த்துத் தைத்தார்கள். சுவரில் எழுதியிருந்தபடி, நீலம் விழுந்த இடமெல்லாம் ஊசி விழுந்தது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. செசிலி ஒவ்வொரு நாளும் யாராவது வாசித்துவிடுவார்களோ என்று பயந்தாள். யாரும் வாசிக்கவில்லையே என்று ஒவ்வொரு நாளும் ஆத்திரமும் பட்டாள்.

பங்குனி பிறந்தபோது நாற்பத்திரண்டு துணிகள் முடிந்திருந்தன. துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டதும், ஒரு துணியை நீள மேசையில் விரித்துப் பார்க்கலாம் என்று முதலாளி சொன்னார். எல்லாரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். உண்மையிலேயே அழகாக இருந்தது. வேளாங்கண்ணி தரையில் உட்கார்ந்து, தான் தைத்த மூலை எப்படி வந்திருக்கிறது என்று பார்த்தாள். அவள் அந்த வருஷம்தான் கோயிலில் கன்னியாஸ்திரீ அக்காமார் நடத்தும் வகுப்பில் எழுத்துப் படிக்க ஆரம்பித்திருந்தாள். எதைக் கண்டாலும், தீப்பெட்டியானாலும் கடைப் பலகையானாலும், விரல் வைத்துக் கூட்டி வாசிக்கிற பருவம்.

“செ,” என்றாள். விரலை நகர்த்தினாள். “சி.” அடுத்ததில் கொஞ்சம் தயங்கினாள். “லி.”

மூன்றையும் சேர்த்து இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏட்டி, நீயா இது?”

பிறகு ஒருத்தி அடுத்த மூலைக்கு ஓடினாள். அங்கேயும் இருந்தது. சகாயசெல்வி மடித்து வைத்த துணிகளை எடுத்து மூலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் இருந்தது. ஜெயசிங் குனிந்தார். முதலில் அவருக்குத் தெரியவில்லை, மேசையைச் சுற்றி வந்து வேளாங்கண்ணி உட்கார்ந்த இடத்தில் குந்தி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. முகம் கறுத்து எழுந்தார்.

இதெல்லாம் என்ன அக்கிரமம் என்று கேட்டார். பம்பாய்க்குப் போகிற சரக்கில் இப்படிச் செய்யலாமா, அந்த அம்மாளுக்கு இதை வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார்.

“தெரியாண்டாம்,” என்றாள் செசிலி. “சின்ன மொதலாளிக்குத் தெரிஞ்சா போதும்.”

தன் குரலைக் கேட்டு அவளே திடுக்கிட்டாள்.

ராஜையன் மெதுவாகக் கேட்டார், யார் சொல்லி இதைத் தைத்தீர்கள் என்று. பெண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். வேளாங்கண்ணி தரையிலிருந்தபடியே சுவரைக் கைகாட்டினாள்.

“நீலம் இருந்திச்சு, தச்சோம். கொறச்சா நீங்க கொடியில போடுவியளே.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி திரும்பிப் பார்த்ததும் நின்றது. நாற்பத்திரண்டு துணியிலும் அந்த எழுத்துகளை அவிழ்த்தெடுக்க வேண்டும் என்றார் அவர். இன்றைக்கே தொடங்க வேண்டும். முடிந்ததை ஏற்றிப்போகச் சனிக்கிழமை லாரி வருகிறது.

செசிலி ஒரு துணியின் மூலையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

“அவுத்தா ஓட்டை விழும், மொதலாளி. கறுப்பு நூலு, வெள்ளையில சாயம் நிக்கும். துணி கெட்டுப்போவும். கெட்டுப்போன துணிக்கு சீட்டுக் குத்துவியல்லா, அதுல யாரு பேர எழுதுவிய? எனக்க பேரத்தான. நல்லாருந்தாலும் எனக்க பேரு, கெட்டாலும் எனக்க பேரு. எதுல வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

ராஜையன் துணியை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நகத்தால் ஒரு தையலைக் கிளப்பிப் பார்த்தார். வெள்ளைத் துணியில் சின்னதாக ஒரு துளை கண் திறந்தது. உடனே விட்டுவிட்டார். நெருங்கிய, இறுக்கமான தையல். அவருடைய சாலையில் அவரே கற்றுக்கொடுக்கச் சொன்ன தையல். எப்படி அவிழும்?

ஜெயசிங் ஏதோ சொல்லத் தொடங்கினார். மாமனார் கையைத் தூக்கி நிறுத்தினார். செசிலியைப் பார்க்காமல், சுவரில் தாம் எழுதி வைத்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு துணியை மேசைமேல் போட்டுவிட்டுத் தம் அறைக்குள் போனார். கதவைச் சாத்தவில்லை.

மறுநாள் தன்னை வேலைக்கு வரச் சொல்வார்களா என்று செசிலிக்குத் தெரியவில்லை. அவள் தன் இடத்தில் போய் உட்கார்ந்து, தூக்குவாளியையும் ஊசிப்பெட்டியையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் பதினெட்டுத் துணிகள் நீலப்புள்ளியோடு கிடந்தன. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை, தை என்றும் சொல்லவில்லை.

வேளாங்கண்ணிதான் முதலில் எழுந்தாள். நாற்பத்து மூன்றாவது துணியை எடுத்து, மூலையை வளையத்தில் மாட்டி இறுக்கினாள். கறுப்பு நூலை நுனியில் ஈரமாக்கி ஊசியில் கோத்தாள். நீலப்புள்ளிகளை விரலால் தடவி, எங்கே தொடங்க வேண்டும் என்று தேடினாள். ‘செ’யின் கொம்பு சுருளும் இடத்தில் ஊசியை இறக்கினாள்.